பூசையில் இருந்த சேர்வர்

1

இந்த வருடம் ஆயுத பூசைக்கு என் மனைவி என்னுடைய மடிக்கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். அது நான் வேலை செய்யும் கந்தோரின் சொத்து. துடைக்க மறந்துபோய், மறுநாள் அப்படியே கொண்டுபோய்க் கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் குனிந்து பார்த்தாள். பழுதுபார்க்க அனுப்ப வேண்டிய கணினிகளுக்கு இப்போது சிவப்புப் புள்ளி வைக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் சரஸ்வதியில் ஆரம்பித்து இலங்கையில் இருக்கும் பதுளை வரைக்கும் போயாக வேண்டும். அதற்கு அந்தக் கூட்டத்தில் நேரமும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை.

நியூசிலாந்து என்றால் ஊரில் பால்மாதான் ஞாபகம் வரும். நானும் அதே நினைப்பில்தான் வெலிங்டனுக்கு வந்து இறங்கினேன். இங்கே மாட்டைவிடக் காற்றுத்தான் அதிகம். மலைமேல் வீடு, வீட்டுக்குக் கீழே கடல். மழை வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊர் என்று நினைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்தால் தேயிலைக்குப் பதில் வேலி போட்ட புல்தரை தெரியும். மனது ஒரு மாதிரியாகிவிடும்.

பூசையன்று மகள் பொட்டு வைத்த மடிக்கணினியையும் பொரியையும் பார்த்துவிட்டு, "அது வெறும் மெஷின்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் கோபப்பட்டால் என் ஆங்கிலத்தைத் திருத்துவாள். அதனால் எங்கள் வீட்டில் நான் கோபப்படுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் பொரியைத் தின்றுகொண்டிருந்தேன். அந்த "வெறும் மெஷின்" ஒரு வீட்டின் தலையெழுத்தையே மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

எங்கள் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், பதுளையில் இருந்த ஒரு தோட்டக் கம்பனியின் காரியாலயத்தில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய காரியம். அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காரியாலயத்தில்தான் முதன்முதலாக ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்ற சொல்லைக் கேட்டேன். இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு நான் எப்போதும் இப்படித்தான் சொல்வேன்: கணினியை ஒரு தேயிலை மலை என்று வைத்துக்கொண்டால், ஒப்பரேட்டிங் சிஸ்டம் அதில் ஆள் பிரிக்கிற கங்காணி. யார் எந்த நிரையில் நிற்பது, யாருக்கு எப்போது வேலை என்று அதுதான் சொல்லும். கங்காணி சரியில்லை என்றால் நல்ல ஆட்களும் மலையில் சும்மா நிற்பார்கள்.

அப்போது பதுளை டவுனுக்குள் பல கங்காணிகள் போட்டி போட்டார்கள். ஒரு வங்கியில் ஓஎஸ் டூ ஓடியது. ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் யுனிக்ஸ். எங்களிடம் நெட்வேர் ஓடிய ஒரு பழைய சேர்வர் இருந்தது. அதில் கோத்துவிட்ட டொஸ் கணினிகளில் கறுப்புத் திரையில் எழுத்துகள் மின்னும். இதெல்லாம் போகப்போகிறது, இனி எங்கும் விண்டோஸ்தான் என்று சொல்ல, கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர்கள் கொழும்பிலிருந்து ரயிலேறி வருவார்கள். எங்கள் துரைக்கு, அதாவது மேலாளருக்கு, யார் என்ன சொன்னாலும் சரியாகத்தான் படும். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் தலையாட்டுவார்.

இந்தப் போட்டிக்குள் டை கட்டாத ஒரே ஆளாக என் நண்பன் வந்து நின்றான்.

3

அவன் பெயர் தியாகு என்று வைத்துக்கொள்வோம். ஊர் மடுல்சீமை என்றும் வைத்துக்கொள்வோம். பெயரையும் ஊரையும் ஏன் மாற்றினேன் என்பது படித்து முடித்தால் விளங்கும். டெக்னிக்கல் கொலிஜில் என்னோடு படித்தவன். அதே காரியாலயத்தில் தற்காலிகக் கம்பியூட்டர் ஒப்பரேட்டராக நாட்சம்பளத்துக்கு இருந்தான்.

இந்தியச் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த சீடியில் அவனுக்கு லினக்ஸ் என்ற இன்னொரு ஒப்பரேட்டிங் சிஸ்டம் கிடைத்தது. அன்றிலிருந்து பயலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூலையில் தூசி படிந்து கிடந்த கணினிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தான். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு, ஒரு வாய்கூட எடுக்காமல் எனக்குப் பாடம் நடத்துவான்.

"இது யாருக்கும் சொந்தமில்லடா. யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், மாத்தலாம். நம்மாளுக இந்த நாட்டுல இத்தன காலமா இருக்கோம். ஒரு பேர்ச் காணி நம்ம பேருல இருக்கா? இது மட்டும்தான்டா நமக்கும் உண்டு."

"சோத்தத் தின்னுடா மொதல்ல" என்பேன்.

ஆனால் அவன் செய்தது வெறும் பேச்சு இல்லை. யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்ற செக்ரோல் கணக்கு ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் டெலிபோன் வழியாகப் பதுளைக்கு வர வேண்டும். மழை பெய்தால் மடுல்சீமைப் பக்கத்து லைன் செத்துவிடும். அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். தியாகு எழுதிய புரோகிராம், அறுந்த இடத்திலிருந்து மிச்சத்தை மட்டும் அனுப்பியது. லைன் சாகச் சாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சம்பளம் பிந்தினால் லயத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தவன்தான் அப்படி எழுதுவான்.

எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே ஏற்பாட்டைத் தெரிவுசெய்யக் கொழும்புத் தலைமையகம் தீர்மானித்தது. ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் தியாகுவின் லினக்ஸ். அவன் ஏற்பாடு எடுபட்டால் அவனுக்கு நிரந்தர வேலை, ஸ்டாஃப் தரம், தோட்டத்தில் ஒரு குவாட்டர்ஸ் என்று துரை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

குவாட்டர்ஸ் என்றால் என்ன என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் பிள்ளை முழிக்கும். குவாட்டர்ஸ் தனி வீடு. அதற்குச் சுற்றிலும் இடம் இருக்கும்.

தியாகுவின் மனைவி பவானி கொழுந்து எடுக்கப் போகிறவள். நான் போயிருந்த ஒருநாள் கேட்டாள்:

"அண்ணே, அந்த வூட்டுல தண்ணிக் கொழாய் உள்ளுக்கே இருக்குமாமே, நெசமாவா?"

"குசினிக்குள்ளயே இருக்கும் பவானி."

அவள் வெளியே பீலிக்கரையில் தண்ணீருக்காக வாளியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். அதற்கு முன் அவளுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. தண்ணீர் தூக்கித்தான் போனது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இப்போது மூன்றாவது முறையாக வயிற்றில் பிள்ளை. அதனால் அவள் கேட்டது குழாயைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

4

கொழும்பிலிருந்து பெரியவர்கள் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. ஆயுத பூசைக்கு மறுநாள் என்று குறித்திருந்தார்கள். தியாகு தன் லினக்ஸ் ஓடிய சேர்வரைக் கடைசியாகச் சரிபார்க்க வீட்டுக்குத் தூக்கிப்போனான். லயத்துக்குக் கரண்ட் வந்து அதிக காலம் ஆகவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டெலிவிஷன் என்று நினைத்து வாசலில் வந்து குந்திவிட்டார்களாம்.

தோட்டத்து ஆயுத பூசை உங்களுக்குத் தெரியும். தேயிலை ஸ்டோரில் இருக்கும் பெரிய எஞ்சினிலிருந்து செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வரைக்கும் கழுவி, பொட்டு வைத்து, பூப்போட்டுவிடுவார்கள். அப்புறம் யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் சூடம் கொளுத்தி மறுபூசை போட்ட பிறகுதான் கையில் எடுக்கலாம். பவானி விடியற்காலையில் தன் கொழுந்துக் கூடைக்குப் பொட்டு வைத்தாள். மாமனாரின் கத்திக்கு வைத்தாள். பக்கத்தில் புருஷனின் ஆயுதம் இருந்தது. அதற்கும் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அதை விட்டிருந்தால்தான் குற்றம்.

கொழும்புக்காரர்கள் ஒரு நாள் முந்தி, பூசையன்றைக்கே வந்து நின்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்களுக்குத் துரை பதறிப்போய்த் தேநீர் கொடுத்தார். நான் மடுல்சீமைத் தோட்ட ஆபிசுக்கு டெலிபோன் எடுத்து, கொழும்புக்காரர்கள் வந்துவிட்டதைச் சொல்லித் தியாகுவைக் கூட்டிவரச் சொன்னேன்.

"டேய், வந்துட்டாங்கடா. ஜீப்பு அனுப்புறேன். மெஷினத் தூக்கிக்கிட்டு வந்துடு."

"பூசையில இருக்குடா" என்றான்.

"எது?"

"சேர்வருதான். பவானி வச்சிட்டா."

"அதுக்கென்னடா? ஒரு சூடத்தக் கொளுத்தி எடுத்துக்கிட்டு வா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

லைனில் மழைச் சத்தம் மாதிரி இரைச்சல். அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இந்த வாட்டி ஆறு மாசம் தாண்டியிருக்குடா. ஆள் வந்து சொன்னதும் தூக்கப் போனேன். வேணாம்னு அவ சொல்லல. வயித்தப் புடிச்சுக்கிட்டு என்னயே பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் தூக்கி, நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"நீ இதெல்லாம் நம்புறியா?"

"நான் நம்புறனா இல்லயாங்கிறது கணக்கில்லடா. அவ நம்புறா. நாளைக்கு விடிய மறுபூச போட்டு மொத பஸ்ஸுலயே கொண்டாந்துடுறேன். ஒரு நா பொறுக்கச் சொல்லு."

சொன்னேன். துரையும் சொன்னார். வந்தவர்கள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே, தங்களுக்கு வேறு அலுவல் இருக்கிறது என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாகனம் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் தியாகு சேர்வரை ஒரு பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தான். என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவேயில்லை.

5

விண்டோஸ் வந்தது. பார்த்துக்கொள்ள ஆட்கள் கொழும்பிலிருந்தே வருவார்கள் என்றார்கள். நாட்சம்பள ஒப்பரேட்டருக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. தியாகு வெலிமடையில் ஒரு மரக்கறி வியாபாரியிடம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் நிறுத்து லொறி ஏற்றப் போனான். கிழமைக்கு ஒருமுறை மடுல்சீமைக்கு வருவான். பவானிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லாத குழந்தை.

வென்ற கட்சியான விண்டோஸின் பரீட்சைகளை நான் எழுதினேன். அந்தச் சான்றிதழ்கள்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. விசாவுக்குப் புள்ளி போடுகிறவர்களுக்கு விண்டோஸ் தெரிந்தவன் வேண்டியிருந்தது. அறுந்த லைனில் மழையோடு மல்லுக்கட்டத் தெரிந்தவனுக்கு அவர்களின் படிவத்தில் கட்டமே இல்லை. நேர்முகத்தில் ஓர் அதிகாரி என் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு, ஸ்பிரிங்வெளி அழகான ஆங்கிலப் பெயர், உங்கள் முன்னோர் இங்கிலாந்தா என்று கேட்டார். என் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார்.

முன்பொரு முறை, அப்பாவின் காரியத்துக்கு ஊருக்குப் போனபோது மடுல்சீமைக்கும் போனேன். தியாகு வெலிமடையில் இருந்தான். அதே லயம், அதே ஒற்றை அறைக் காம்பரா. கூரைத் தகரத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் மட்டும் கூடியிருந்தன. பவானி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னாலதான் அண்ணே அவருக்கு அந்த வேல போச்சு" என்றாள் பவானி. தலை குனிந்திருந்தது.

அப்படியெல்லாம் இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்தேன். விமானம் ஏறும்வரை அந்தக் குனிந்த தலைதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு பொட்டு வைத்ததற்காக ஒரு பெண் இத்தனை வருடமாக இந்தப் பாரத்தைச் சுமக்கிறாளே என்று நினைத்து நினைத்து வேதனைப்பட்டேன்.

6

இங்கே என் வேலையிடத்தில் சேர்வர் எல்லாம் இப்போது லினக்ஸ்தான். பதுளையில் தோற்றுப்போன கங்காணி இங்கே துரையாகிவிட்டார். தியாகு சாப்பாட்டைத் தின்னாமல் சொல்லிக்கொடுத்த கட்டளைகளைத்தான் நான் தினமும் தட்டிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் மேலாளர் அதன் பெருமைகளைப் பற்றி எங்களுக்கே வகுப்பு எடுத்தார். எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

பூசைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, இலங்கைக்காரர் ஒருவரின் புதுவீட்டு விருந்துக்குப் போனோம். அங்கே மகனோடு வந்து குடியேறியிருக்கும் ஒரு சிங்களப் பெரியவரை அறிமுகப்படுத்தினார்கள். கொழும்பில் ஒரு தோட்டக் கம்பனியின் தலைமையகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்தவராம். அவர் சொன்னது எங்கள் பழைய கம்பனியின் பெயர். பதுளை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"பதுளையா? ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்கவென்று ஒரு நாள் முந்தியே கிளம்பினோம். என்ன அருமையான பயணம்!"

ஒரு பையன் சேர்வர் கொண்டுவர இருந்தானே என்று கேட்டேன். யோசித்தார்.

"ஆமாம், ஆமாம். நல்ல பையன். அவன் அனுப்பிய அறிக்கைகூடப் படித்தேன், கெட்டிக்காரன். ஆனால் அது அதற்கு முன்பே முடிந்த விஷயம். விண்டோஸ்காரர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்தாயிற்று. இரண்டையும் பார்த்தோம் என்று கோப்பில் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் வந்தோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் தட்டில் இன்னொரு கட்லட் எடுத்து வைத்தார். ஜீப்பு போயிருந்தாலும், தியாகு பூசையைக் கலைத்துச் சேர்வரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாலும், ஒன்றும் கிடைத்திருக்காது. அவர்கள் அருவி பார்க்க வந்தவர்கள்.

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குப் பின்னேரமானால் ஊரில் காலை. தியாகு வீட்டில் இருக்கிற நாள். அவனுடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். இந்தச் செய்தியைக் கேட்டால் பவானி நிமிர்ந்துவிடுவாள் என்ற நினைப்பு எனக்கு. என் வாழ்க்கையில் அந்த வீட்டுக்கு ஒரு நல்லது செய்யப்போகிறேன் என்று சந்தோஷமாக இருந்தது.

முதலில் என் வேலையிடத்துக் கதையைச் சொன்னேன். இங்கே எல்லாம் அவனுடைய லினக்ஸ்தான் என்றேன்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னன்ல?" என்று சிரித்தான். பின்னால் பிள்ளை ஏதோ பாடம் சத்தம்போட்டுப் படிப்பது கேட்டது.

பிறகு பெரியவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கையெழுத்து, கோப்பு, நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்திருந்தாலும் கிடைத்திருக்காதுடா என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று, "தியாகு, தியாகு" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்டா" என்றான். எழுந்து வெளியே நடந்திருக்க வேண்டும். பிள்ளையின் குரல் தூரமாகிவிட்டது.

"போன பவானிகிட்டக் குடு. நானே சொல்லிடுறேன். பாவம்டா, தன்னாலதான் போச்சுன்னு இத்தன வருஷமா மனசுல பாரத்தோட இருக்கா."

"பாரமா?" என்றான். "யாருடா சொன்னா? அத அவ லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறா. பீலிக்கரையில நின்னு சொல்றா. பிள்ளைக்குச் சோறு போடயில சொல்றா. ஜீப்பு அனுப்புறேன்னாங்க, தொர வேலன்னாங்க, அப்பயும் எங்க வூட்டுக்காரரு எனக்காக அதத் தொடலன்னு."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவகிட்டச் சொல்லிடாதடா" என்றான் தியாகு. "ஒரு நல்ல சீல வாங்கிக் குடுக்கல. ஒரு தண்ணிக் கொழாய் போட்டுக் குடுக்கல. நான் அவளுக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான்."